நீலியாறு மலையேறிய வருஷம்

நீலியாறு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்து ஓடத் தொடங்கிய காலையில், அதை முதலில் தெரிந்துகொண்டவள் மணல்வாய்க் கடவில் தோணி போடுகிற ஜெசிந்தாதான். ஆற்றைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, தோளை வைத்துத் தெரிந்துகொண்டாள். அக்கரைக்குப் போகும்போது எப்போதும் இடது தோள்தான் வலிக்கும், அன்றைக்கு வலது தோள் வலித்தது.

தோணியில் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரிகள் சத்தம் போட்டார்கள்.

"ஏளா ஜெசிந்தா, கோயிலடியில இறக்கச் சொன்னா தாழங்காட்டுல கொண்டு விடுதியே, தூக்கமா?"

"நான் எங்க விடுதேன்? ஆறுல்லா விடுது."

கழிமுகத்து ஜனங்களுக்கு ஆறு பின்வாங்குவது புதிதில்லை. தினமும் ஏற்றத்தின்போது கடல் மணல்திட்டைத் தாண்டி உள்ளே வந்து, ஆற்றைத் தள்ளிக்கொண்டு அலையாத்திக் காடு வரைக்கும் போய், வத்தத்தில் திரும்பிவிடும். அதனால் ஊர் வத்தத்துக்குக் காத்திருந்தது. மதியம் வத்தவில்லை, சாயங்காலம் வத்தவில்லை, மறுநாளும் அதற்கு மறுநாளும் வத்தவில்லை. கரையில் கிடந்த தேங்காய் மட்டை, அறுந்த செருப்பு, யாரோ கழுவப் போட்ட பானை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்களைப் போல அவசரமாக, மேற்கே மிதந்து போய்க்கொண்டிருந்தன.

அந்த ஆற்றின் வழி இதுதான்: தேன்பாறை என்கிற மலையூரில், ஊருக்கு மேலே ஒரு சுனையில் அது பிறக்கும், ஊரைத் தாண்டியதும் தொங்கருவியாய் விழும், விழுந்து, வெயில் படாத ஒரு கணவாய்க்குள் பாறைகளை முட்டிக்கொண்டு வரும், பாதையில்லாத காட்டை விட்டு வெளியே வந்தால் கோரையூர் வயல்கள், வயல்களைத் தாண்டினால் தரை தட்டையாகி, ஆறு சோம்பல் பிடித்துப் பல கையாய்ப் பிரிந்து அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்து, கடைசியில் மணல்வாயில் கடலோடு சேரும். கீழேயிருந்து மேலே ஆற்று வழியாய்ப் போன ஆள் கிடையாது. எப்போதாவது காட்டு வழியாய்த் தேன் விற்க இறங்கி வருகிற ஆட்களை விட்டால், மேலே இருப்பவர்களைப் பற்றி மணல்வாய்க்குத் தெரிந்ததெல்லாம் ஆறு கொண்டுவந்து போட்டவைதான்: காட்டுப்பலா, மூங்கில், சில சமயம் தேனடையோடு முறிந்த கிளை.

இப்போது ஆறு கீழேயிருந்து கொடுக்கத் தொடங்கியது. சாளைக் கூட்டம் போனது, நண்டு போனது, ஒரு திருக்கை துப்பட்டியை உதறுவதுபோல உதறிக்கொண்டு போனதை ஊரே பார்த்தது. கடல்நீர் மேலே ஏறினால் வயல் எல்லாம் கரிந்துபோகும் என்று கோரையூர்க்காரர்கள் முதலில் நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் ஆறு மரியாதை தெரிந்த ஆறு. வீட்டுக்குள் நுழைகிறவர்கள் செருப்பை வாசலில் விடுவதுபோல, தன் உப்பையெல்லாம் அலையாத்தி வேர்களுக்கடியில் குவித்துவிட்டு, இளநீராய் இனித்துக்கொண்டுதான் வயலுக்குள் போனது. காட்டுக்குள் உப்பு ஆளுயரத்துக்குக் குவிந்தது. அதிகாரிகள் வந்தார்கள், ஒரு கொடியை நட்டார்கள், தண்ணீரில் அது சாய்ந்த பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்கள். அதற்குப் பிறகு யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எப்படிக் குளிப்பது, எப்படி வலை போடுவது, எந்தப் பக்கம் துணி துவைப்பது என்பதற்கே பகல் போதவில்லை.

தலைகால் புரியாமல் ஆடியவர் கோரையூர் பலவேசம். வாய்க்காலின் கடைசிக் கோடியில், எல்லார் வயலும் குடித்து மிச்சம் இருந்தால் மட்டும் தண்ணீர் பார்க்கிற கடைமடைக்காரர். ஆறு திரும்பியதும் கடைமடை தலைமடை ஆகிவிட்டது. பழைய தலைமடைக்காரர்கள் தலையைச் சொறிந்துகொண்டு தண்ணீர் கேட்டு அவர் வரப்புக்கு வந்தார்கள். ஆயுசு முழுக்க அவர்களுக்குச் சொல்லவென்று சேர்த்துவைத்திருந்த வசவுகளில் ஒன்றுகூட அன்றைக்கு வாயில் வரவில்லை. எல்லாருக்கும் மோர் ஊற்றிக் கொடுத்து, மடையைத் தானே திறந்துவிட்டு, ஒரு வாழைத்தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு மணல்வாய் வரை நடந்து வந்து, "இது உங்க கடலுக்கு" என்று அலையில் இறக்கிவிட்டுப் போனார்.

ஜெசிந்தாவின் அப்பா இஞ்ஞாசிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது, பிடித்தது என்றும் சொல்ல முடியாது. அவர் அதிகம் பேசுகிற மனுஷன் இல்லை. இளையவள் பிலோமி, தேன் விற்கக் கீழே வந்த பூதத்தானோடு மலைக்குப் போய்விட்ட நாளிலிருந்து சுத்தமாகவே குறைத்துக்கொண்டார். அவள் பேரை யாராவது எடுத்தால் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோவார். தங்கச்சி ஓடிப்போன வீடு என்று ஜெசிந்தாவுக்குப் பேசி முடித்திருந்த கல்யாணம் நின்றது. அவள் துடுப்பை எடுத்தாள். அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்தே அவள் நாற்பதைத் தொட்டிருந்தாள்.

ஆறு திரும்பி மூன்று மாசம் போல ஆனபோது, காட்டு வழியாக நடந்து ஒரு தேன்காரர் கீழே வந்தார். மேலே போகிற தண்ணீரெல்லாம் தேன்பாறைச் சுனைக்குள் இறங்குகிறது, சுனை குடித்துக்கொண்டே இருக்கிறது, மலை வயிற்றுப்பிள்ளைக்காரி மாதிரி வீங்கிக்கொண்டு வருகிறது என்றார். சொல்லிக்கொண்டே மடியிலிருந்து ஒரு துண்டு கருவாட்டை எடுத்துக் கடித்தார். ஜெசிந்தா அதை அவர் கையிலிருந்தே வாங்கிப் பார்த்தாள். வயிற்றுப் பக்கம் கீறாமல் முதுகுப் பக்கம் கீறி, உப்பில்லாமல் மஞ்சள் மட்டும் தடவி, நெருப்புக்கு மேலே கட்டிக் காயவைத்தது. முதுகுப் பக்கம் கீறுவது அவர்களுடைய அம்மாவின் கை. அம்மா போன பிறகு அந்தக் கை உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் இருந்தது.

"யாரு போட்டது?"

"மீன்காரி பிலோமி. அவ இல்லன்னா எங்க ஊரு பட்டினிதான். மலையில எங்களுக்கு எந்த மீனுன்னு தெரியும்?"

மறுநாள் விடியவும் ஜெசிந்தா தோணியில் சோற்றுப்பானையை ஏற்றினாள். மலை வெடித்தால் தங்கச்சியும் அவள் பிள்ளைகளும் என்ன ஆவார்கள் என்கிற பயம் ஒரு பக்கம். அவளை நேருக்கு நேர் நிறுத்தி வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்கிற ஆங்காரம் ஒரு பக்கம். எது அதிகம் என்று அவளுக்கே தெரியவில்லை. கயிற்றை அவிழ்க்கப் போனால், முன்பக்கத்தில் அப்பா துவைத்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எங்க போறீய?"

"தோணி என்னுது. தோணி போற எடத்துக்கு நான் போறேன்."

துடுப்புக்கு வேலையே இல்லை. ஆறு அவர்களை எடுத்துக்கொண்டது. அலையாத்திக் காட்டில் இஞ்ஞாசி தோணியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, கோணிகளில் உப்பை அள்ளி ஏற்றினார். கோரையூரில் பலவேசம் வரப்பிலேயே கூட ஓடி வந்து கரும்புக் கட்டைத் தோணிக்குள் எறிந்தார். வயல் முடிந்து காடு வந்தது, காடு இறுகிக் கணவாய் ஆனது, கணவாயில் வெளிச்சம் பச்சையாய் மாறியது. பாறைகளில் மோதவேண்டிய தண்ணீர், பாறைகளின் மேலே பூனைமாதிரி காலை வைத்து ஏறிப் போனது. அதன் முதுகில் தோணியும் ஏறியது. தோணிக்கு இரண்டு பக்கமும் சாளை மின்னிக்கொண்டு ஏறியது. ஜெசிந்தா பல வருஷமாய் ஒரே இடத்தைக் குறுக்கே கடந்தவள். ஒரு வளைவுக்கு அப்புறம் இன்னொரு வளைவு இருக்கிறது என்பதே அவளுக்குக் கிறுகிறுப்பாக இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் எழுந்து எழுந்து நின்றாள்.

"உக்காரு. முங்கிருவோம்" என்றார் இஞ்ஞாசி.

அப்புறம் இரைச்சல் கேட்டது. தொங்கருவி எதிரே நின்றது. விழுகிற அருவி இல்லை இப்போது. அடியிலிருந்து வெள்ளை வெளேரென்று எழுந்து, தென்னைகளுக்குமேல் தென்னை நட்டது போன்ற உயரத்துக்குப் போய், உச்சியில் மடிந்து உள்ளே போகிற ஏறுவி. இஞ்ஞாசி சிலுவை போட்டுக்கொண்டார். ஜெசிந்தாவுக்குப் பயப்பட நேரம் கிடைக்கவில்லை. தோணியின் மூக்கு வானத்தைப் பார்த்தது, அவள் கரும்புக் கட்டின் மேல் மல்லாந்து விழுந்தாள், வானம் அவளை நோக்கி விழுந்தது, வாய்விட்டுக் கத்தினாள், கத்தினது பாதியிலே சிரிப்பாய் மாறியது. தன் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சிரிப்பு வரும் என்று அவளுக்குத் தெரியாது. இஞ்ஞாசிக்கும் தெரியாது, அவர் திரும்பி மகளைப் பார்த்தார், சிலுவை போட்ட கை அப்படியே நின்றது.

உச்சியில் தண்ணீர் அமைதியாகி அவர்களைத் தேன்பாறைக்குள் கொண்டுபோய் விட்டது.

அங்கே ஒரு துறைமுகமே கிடந்தது. கடற்கரை ஊர்களில் கட்டு தளர்ந்து காணாமல்போன படகுகள், தோணிகள், கட்டுமரங்கள் எல்லாம் அங்கே வந்து ஒதுங்கியிருந்தன. மலைக்காரர்கள் ஒன்றில் ஆடு அடைத்திருந்தார்கள், ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு மிளகு காயவைத்திருந்தார்கள், ஒன்றை வேங்கை மரத்தில் கட்டித் தூளி ஆக்கியிருந்தார்கள். நடுவில் ஒரு பாறைமேல், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் கத்தியோடு, ஒரு பெரிய சீலாமீனுக்கு முன்னால் பிலோமி நின்றாள். சுற்றிலும் பெண்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், இவள் கத்தியாலேயே காட்டிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்: அது பேத்தை, தொடாதீங்க, அது நகரை, குழம்பு வையுங்க, அந்த முள்ளு குத்தினா கடுக்கும், துணி வச்சுப் பிடிங்க. மலையேறத் தெரியாத கீழ்நாட்டுப் பெண் என்று இத்தனை வருஷம் ஓரமாய் இருந்தவள், அன்றைக்கு அந்த ஊருக்கே வாத்திச்சி.

அக்காவைக் கண்டதும் கத்தி நின்றது. வந்த வார்த்தை இதுதான்:

"அக்கா, உப்பு கொண்டாந்தியா?"

இஞ்ஞாசி கோணிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். பிலோமியைப் பார்க்கவில்லை. கோணியை மட்டும் அவள் காலடியில் வைத்தார்.

அக்காளும் தங்கச்சியும் கட்டிப்பிடித்து அழுதார்கள், அழுது முடித்ததும் சண்டை போட்டார்கள்.

"நீ போன அன்னைக்கே என் கல்யாணம் நின்னுட்டு, தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்க்கா. அதை நெனைக்காத நாள் இல்ல." பிலோமி மூக்கைத் துடைத்தாள். "ஒன்னு கேக்கேன், கோவப்படாத. அந்த மாப்பிள்ளைய ஒனக்குப் பிடிச்சிருந்துதா?"

ஜெசிந்தா பதில் சொல்ல வாயெடுத்தாள். அந்த ஆளின் முகத்தை நினைத்துப் பார்த்தாள், வரவில்லை. "அந்த ஆளு என்ன ஆளு. அவன் ஊரு கப்பல் வாற ஊரு. மணல்வாய விட்டுப் போறேன்னு இருந்தேன். அதுதான் பிடிச்சிருந்துது."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது தெரிந்தது. அதற்கு மேல் சண்டையை எப்படிக் கொண்டுபோவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அதற்குள் பூதத்தான் மாமனாரைச் சுனைக்குக் கூட்டிப் போயிருந்தான். ஆறு மொத்தமும் வந்து பாறை வாய்க்குள் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது. மலைச்சரிவில் வெடிப்புகள் ஓடியிருந்தன, வெடிப்புகளில் ஈரம் கசிந்தது, குடிசைகள் எல்லாம் அந்தச் சரிவுக்கு நேர் கீழே இருந்தன. இஞ்ஞாசி பாறையில் காதை வைத்தார். உள்ளே அலை அடித்தது. தன் வாழ்நாளெல்லாம் கேட்ட சத்தம், கல்லுக்குள் இருந்து கேட்டது.

"நெறஞ்சிட்டு. இனி ஏற எடமில்ல. வத்தம் வரப்போகுது" என்றார். மருமகனிடம் சொல்லவில்லை, பாறையிடம்தான் சொன்னார்.

மலைக்காரர்கள் கேட்கவில்லை. மலை இத்தனை காலம் எங்களை ஒன்றும் செய்ததில்லை, வீங்கினால் வீங்கட்டும், வெளியூர்க்காரன் காதை வைத்துச் சொன்னால் வீட்டை விடுவோமா என்றார்கள். பூதத்தானின் அம்மா, ஊரில் எல்லாருக்கும் மூத்தவள், குடிசை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஜெசிந்தா கெஞ்சிப் பார்த்தாள், பயமுறுத்திப் பார்த்தாள். கடைசியில் பிலோமிதான் மாமியார் முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"அத்தை, மலைக் காரியம்னா நீங்க சொல்லுங்க, நான் கேக்கேன். வந்த நாள் முதலா கேட்டிருக்கேன். ஆனா இப்ப இந்த மலைக்குள்ள இருக்கது கடலு. கடல் காரியம் நான் சொல்லுதேன். ஒரு தடவை நீங்க கேளுங்க."

கிழவி எழுந்து கோழியைப் பிடிக்கப் போனாள்.

அவள் கோழியைப் பிடித்ததும் ஊரே அசைந்தது. ஆடுகள் படகைவிட்டு இறங்கின, மிளகு இறங்கியது, தூளி இறங்கியது. மலையில் குங்கிலியத்துக்குப் பஞ்சமா? அதை எண்ணெயில் காய்ச்சி, இஞ்ஞாசி காட்டிக்கொடுக்க, ஆணும் பெண்ணுமாய்ப் படகுகளின் ஓட்டைகளை அடைத்தார்கள். காட்டுக்கொடி திரித்த கயிற்றால் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பிணைத்தார்கள். தேன் சட்டி, கேப்பை மூட்டை, உரல், நாய்க்குட்டி, சாமிக்கல் எல்லாம் ஏறின. பிள்ளைகள் படகிலேயே தூங்கிப் படகிலேயே விழித்தார்கள். இப்படி ஒரு திருவிழாவை அவர்கள் பார்த்ததில்லை.

ஒரு முற்பகலில் ஆற்றில் போய்க்கொண்டிருந்த ஒரு வேங்கைப் பூ நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. இரைச்சல் அடங்கியது. தொங்கருவி ஏறின இடத்திலேயே கண்ணாடிச் சுவர் மாதிரி அசையாமல் நின்றது. இஞ்ஞாசி கையைத் தூக்கினார். யாரும் மூச்சு விடவில்லை. மலையும் விடவில்லை.

பிறகு மலை மூச்சை விட்டது. வெடிப்புகள் எல்லாம் வாயாய்த் திறந்தன. இத்தனை நாள் குடித்த கடல், நுரைத்துக்கொண்டு, குடிசைகளை ஒரே வாரலில் வாரிக்கொண்டு இறங்கியது. படகுக் கூட்டம் எகிறியது. பின்பக்கத்துக் கயிறு ஒன்று அறுந்து சாட்டைபோல் பறந்தது, கடைசிப் படகு, பிள்ளைகள் இருந்த படகு, விலகத் தொடங்கியது. பிலோமி பாய்ந்து கயிற்று நுனியைப் பிடித்தாள், கயிறு அவளை இழுத்துக்கொண்டு போனது.

"பிலோமி!" என்று இஞ்ஞாசி கத்தினார். "ஏளா பிலோமி! விட்டுராத! காலை முட்டுக்குடு! பிலோமி, அப்பா வாறேன்!"

அவர் வந்து பிடித்தார், ஜெசிந்தா பிடித்தாள், பூதத்தான் பிடித்தான். படகு திரும்பி வந்து மோதிச் சேர்ந்தது. பிலோமியின் உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வடிந்தது, அவள் அதைப் பார்க்கவே இல்லை, அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச நேரமில்லை, அருவியின் விளிம்பு வந்துவிட்டது. ஆனால் அன்றைக்குத் தண்ணீர் அத்தனை இருந்தது, அருவி அருவியாக இல்லை, வழுவழுவென்ற ஒரு பெரிய சரிவாக இருந்தது. ஊர் முழுக்க, கோழியோடும் சாமியோடும் அந்தச் சரிவில் வழுக்கி இறங்கியது. பூதத்தானின் அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ பாடினாள், பாட்டு கணவாய்க்குள் எதிரொலித்துக் கூடவே வந்தது. கோரையூரில் ஜனம் மேட்டில் ஏறி நின்று கூவியது. பலவேசம் தலைத்துண்டை அவிழ்த்துச் சுழற்றினார். அவருடைய வயல் அந்த நிமிஷமே மறுபடியும் கடைமடை ஆகிவிட்டது. அதை அறிந்தும், "போய் வா தாயே! ஒரு போகம் எடுத்துட்டேன், போதும்!" என்று ஆற்றைப் பார்த்துக் கத்தினார். அலையாத்திக் காட்டில் உப்பு மலைகள் கரைந்து தண்ணீரில் இறங்கின, எல்லார் உதட்டிலும் கரித்தது. மணல்வாயில் ஆறு பழைய திட்டை உடைத்துத் தனக்குப் புது வாய் திறந்துகொண்டு, அத்தனை பேரையும் கடலுக்குள் துப்பியது.

படகுகள் ஆடி ஆடி நின்றன. பூதத்தான் விளிம்பில் தலையைத் தொங்கவிட்டு வாந்தி எடுத்தான், இஞ்ஞாசி அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார். அவனுடைய அம்மா கண்ணைத் திறந்தாள். கிழக்கே பார்த்தாள், தெற்கே பார்த்தாள்.

"அக்கரை எங்க?" என்று ஜெசிந்தாவைக் கேட்டாள்.

வாழ்நாளெல்லாம் அக்கரைக்கு ஆள் ஏற்றியவள் கையை நெற்றியில் வைத்துக் கடலைப் பார்த்தாள். "இன்னும் போகணும் ஆத்தா" என்றாள், "ரொம்பத் தூரம் போகணும்."

மழைக்காலம் முடியும் வரை தேன்பாறை மொத்தமும் மணல்வாய்க் கோயில் வளாகத்தில் குடியிருந்தது. கீழ்நாட்டார் தேன் நக்கக் கற்றுக்கொண்டார்கள், மலைநாட்டார் வலை பின்னக் கற்றுக்கொண்டார்கள். இஞ்ஞாசி, இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்த பேரையெல்லாம் ஒன்றாய்ச் செலவழிப்பவர்போல, தண்ணீர் வேண்டுமென்றாலும் பிலோமி, வெற்றிலை வேண்டுமென்றாலும் பிலோமி, ஒன்றும் வேண்டாமென்றாலும் பிலோமி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் அவளே, "போதும்ப்பா, காது வலிக்கி" என்று சிரித்தாள். ஆறு ஒழுங்காகக் கடலைப் பார்த்து ஓடியது.

தைக்குப் பிறகு, முதலில் மேலே போய்ப் பார்த்துவந்த ஆட்கள் ஒரு சேதி கொண்டுவந்தார்கள். குடிசைகள் இருந்த இடத்தில் இப்போது பெரிய ஏரி ஒன்று கிடக்கிறது. மலை எல்லாவற்றையும் விட்டுவிடவில்லை, கொஞ்சம் கடலை வயிற்றிலேயே வைத்துக்கொண்டது. அந்த ஏரி தினமும் ஏறுகிறது, வத்துகிறது. தேனுக்குப் போகிற காடு அக்கரையில் மாட்டிக்கொண்டது. ஏறும்போது நீந்த முடியவில்லை, வத்தும்போது சேற்றில் நடக்க முடியவில்லை.

ஜெசிந்தா அன்றைக்கே துடுப்பைக் கழுவினாள்.

"கடவுல யாரு தோணி போடுவா?" என்று ஊர் கேட்டது.

"தோணி என்னுது" என்றார் இஞ்ஞாசி. "நான் போடுவேன். அவ போகட்டும்."

மலைக்காரர்களோடு, தங்கச்சி பிள்ளைகளில் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாதையில்லாத காட்டில் அவள் நடந்து ஏறினாள். இந்தத் தடவை ஆறு தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒவ்வொரு பாறையும் காலுக்குத் தெரிந்தது. ஏரிக்கரையில், வேங்கை மரக் கவையில் சிக்கிக் கிடந்த ஒரு படகை இறக்கிக் குங்கிலியம் பூசினாள். வெயில் ஏறுகிற நேரத்தில் அதைச் சேற்றில் வைத்து, பூதத்தானின் அம்மாவை முதலில் ஏற்றி, தேன்காரர்களை ஏற்றி, இரண்டு ஆடுகளை ஏற்றி, பின்பக்கத்தில் துடுப்போடு ஏற்றத்துக்குக் காத்து நின்றாள். கடல் எங்கேயோ இருந்தது. சுற்றிலும் மலை, மலைக்கு மேல் மேகம். பாறைக்கு உள்ளேயிருந்து மெல்ல ஒரு சலசலப்பு வந்தது, சேற்றில் நண்டு வளைகள் ஒவ்வொன்றாய்க் குமிழி விட்டன, படகின் அடியில் ஏதோ விரலால் தொடுவதுபோல் தொட்டது.

"கெட்டியாப் பிடிச்சுக்கோங்க" என்றாள் ஜெசிந்தா, துடுப்பைத் தூக்கிப் பிடித்தாள். படகு சேற்றைவிட்டு எழுந்தது.